லெடாங் மலையும் மண்ணின் சூடும்

என் வேலை என்னவென்று சொன்னால் சொந்தக்காரர்களே சிரிப்பார்கள். மண்ணுக்குக் காய்ச்சல் பார்க்கிறேன். கோத்தகிரிக்கு மேலே புல்வெளியில், சோலைக்குள், தேயிலைக்கு அடியில் என்று அரைச் சாண் ஆழத்துக்கு வெப்பமானியைப் புதைத்து, பார்த்து, எழுதி, பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. சோலைக்குள் மண் பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். இருபதடி தள்ளி, புல்லைச் செதுக்கிப்போட்ட மண் மத்தியானம் சுடும், பனிக்கால விடியலில் விறைத்துக் கிடக்கும். மேலே என்ன முளைத்திருக்கிறது என்பதுதான் கீழே மண்ணின் சூட்டை முடிவு செய்கிறது. எனக்குப் பட்டமெல்லாம் கிடையாது, பன்னிரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் கையை மண்ணுக்குள் விட்டே ஒரு டிகிரி முன்னே பின்னே சொல்லிவிடுவேன். தற்பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் சார், அதாவது நான் வேலை செய்யும் ஆய்வின் பேராசிரியர், போன வருடம் மலேசியாவில் மலாக்கா எல்லையில் இருக்கும் லெடாங் மலையிலும் இதே அளவீட்டைத் தொடங்கினார். நாலு இடம். அடிவாரத்தில் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டம், அதற்கு மேல் பெருங்காடு, அதற்கும் மேல் பெரணி மூடிய சரிவு, கடைசியாக உச்சிக்குக் கீழே குட்டைப் புதர். மாதம் இரண்டு தடவை ஏறி நாலையும் பார்த்து எழுத வேண்டும். அந்த வேலை லெட்சுமி என்கிற அம்மாவுக்குக் கிடைத்தது. தோட்டத்தில் முப்பத்தைந்து வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். கூடவே ஏறும் மகள் கோகிலா, வீட்டுக்கு வந்ததும் நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புவாள்.

வருடக் கடைசியில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்த சார் முகத்தைச் சுளித்தார். தோட்டமும் காடும் கச்சிதம். மேலே இருக்கிற இரண்டு இடமும்தான் சரியில்லை. பெரணிக்கு அடியில் இருக்கும் மண் இப்படிச் சுடவே சுடாது.

"பாதி மலை ஏறியிருக்காங்க சாந்தா. மீதியை வீட்டுல உட்கார்ந்து எழுதியிருக்காங்க. நேர்ல போய்ப் பார்த்துட்டு வா. சந்தேகம்னு மட்டும் வாயைத் திறந்துடாதே" என்றார். உண்மை என்றால் ஒரு வருட உழைப்பு குப்பைக்குப் போகும். அதைவிட, ஒரு மனுஷிக்குப் பொய் எழுதியவள் என்று பேர் வரும். எனக்கு வாய்த்த முதல் வெளிநாட்டுப் பயணம் இப்படித்தான், ஒற்றன் வேலையாக அமைந்தது.

விமான நிலையத்தில் மணியம் அண்ணன் என் பேரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். சிம்பாங் அம்பாட்டில் வேன் வைத்திருப்பவர், அறுபது வயதிருக்கும். லெட்சுமியையும் மகளையும் மலையடிவாரத்தில் இறக்கி ஏற்றுபவரும் அவர்தான். "பசியாறியாச்சா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. காலைச் சாப்பாட்டை இங்கே இப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் டிபன் ஆச்சா என்று கேட்டுக் கேட்டுக் காது பழகியவளுக்கு, இந்த வார்த்தையைக் கேட்டதுமே பாதிப் பசி ஆறிவிட்டது.

லூபோக் சீனா என்கிற ஊரில் அவருடைய அக்கா வீட்டுக்கு ஒரு தையல் மெஷினைக் கொடுக்க வேண்டுமாம். அதனால் பழைய சாலையில் போனோம். மெஷினை இறக்கிவிட்டுக் கிளம்பிய பத்தாவது நிமிடம் வேன் ஆவி கக்கியது. மணியம் அண்ணன் கதவைத் திறந்து இறங்கி, இடுப்பில் கை வைத்து அதை முறைத்தார். "நேத்துதான் ஒர்க் ஷாப்ல விட்டேன்லா, பத்து பைசாவுக்கு விசுவாசம் இல்ல இதுக்கு."

சாலையோரக் கடையில் உட்கார்ந்தோம். "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" என்று கேட்டார். பச்சைத் தண்ணியே போதும் என்றேன். தண்ணி என்றால் இங்கே தேநீர், காப்பி, சர்பத்து எல்லாமும்தான் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, நுரை ததும்ப ஆற்றின தே தாரேக் டீயும் ரொட்டி சானாயும் வரவழைத்தார். நம் பரோட்டாவின் மூத்த பங்காளி. எங்கள் ஊர்ப் பரோட்டாதான் ஒசத்தி என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். மூன்றாவது ரொட்டியோடு சேர்த்துத்தான் விழுங்கினேன்.

வேன் ஆறும் வரை சும்மா உட்கார முடியுமா. பையிலிருந்து வெப்பமானியை எடுத்துக் கடைக்குப் பின்னால் ஒரு செம்பனை மரத்தடியில் குத்தினேன். பக்கத்து மேசையில் இரண்டு மலாய்ப் பெரியவர்கள் என்னையே பார்த்துத் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். என்னவாம் என்று கேட்டேன். "அந்தம்மா தங்கம் தேடுதான்னு ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர், தங்கம் இருந்தா கம்பெனிக்காரன் விட்டு வச்சிருப்பானாங்கிறார்" என்றார் மணியம் அண்ணன். மண் இருபத்தேழில் நின்றது. எங்கள் ஊரில் மண் இருபதைத் தொட்டாலே நான் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுவேன்.

இரவு சிம்பாங் அம்பாட்டில் அவர் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் காலை அசகான் பக்கம் லெட்சுமி வீட்டுக்குக் கூட்டிப் போனார். பழைய லயத்து வீடுகளை இடித்துவிட்டுக் கட்டிய வரிசை வீடு. வாசலில் கறிவேப்பிலை, கற்றாழை, ஒரு மோட்டார் சைக்கிள்.

லெட்சுமி அக்கா என் தோள் உயரம்கூட இல்லை. மெலிந்த உடம்பு, ஆனால் முன்னங்கை மட்டும் முறுக்கின கயிறு. "வாங்க மேடம்" என்று கும்பிட்டார். அந்த மேடத்தைக் கேட்டதும் எனக்குக் கூசியது. நான் மேடம் இல்லை, என் அம்மா தேயிலை கிள்ளினவர், சாந்தா என்றே கூப்பிடுங்கள் என்றேன். "அப்ப தங்கச்சி" என்று முடித்துவிட்டு, நாசி லெமாக்கைக் கொண்டுவந்து வைத்தார். தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி சம்பல், முட்டை. எதிரே உட்கார்ந்து, நான் ஒவ்வொரு வாயும் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டதும் நோட்டை எடுத்துக் கொடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட நோட்டு. தேதி, மணி, வெயிலா மழையா, நாலு எண். ஒரு அடித்தல் கிடையாது. இவ்வளவு சுத்தமாக இருந்ததே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. மலையில் நின்று எழுதுகிற நோட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? என்னுடையதில் அட்டை நசுங்கின ரத்தம் வரைக்கும் இருக்கும்.

"மேலே எழுதுறது ஒரு துண்டுக் காகிதத்துல. வீட்டுக்கு வந்து இதுல ஏத்துவேன். மழை நோட்டைத் தின்னுடும்ல" என்றார், நான் கேட்காமலே. நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம்.

"மேலே படம் எதுவும் எடுக்கலையாக்கா?"

"மொத மாசமே கோகிலா போன் மழையில செத்துப்போச்சு. அதுலேர்ந்து புது போன மணியம் அண்ணன் வேன்லயே வச்சிட்டுப் போயிடுவோம்." கொஞ்சம் நிறுத்தி, "சார் என்ன சொன்னாரு, எல்லாம் நல்லாருக்காமா?" என்று கேட்டார்.

நல்லா இருக்குன்னு சொன்னார் என்றேன். பொய் சொன்னவர் யார் என்று பார்க்க வந்தவள், வந்து ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பொய் சொன்னேன்.

கோகிலா ஜாசினில் ஒரு ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறாள், எதையும் கண்ணிலிருந்து தப்பவிடாத பெண். அம்மா அடுப்பங்கரைக்குப் போனதும் மெதுவாகக் கேட்டாள். "எல்லாம் நல்லா இருந்தா எதுக்கு ஆன்ட்டி ஒரு ஆள ஃபிளைட் ஏத்தி அனுப்புறாங்க? ஏதோ இருக்குலா." நான் நெத்திலிச் சம்பலின் காரத்தைச் சாக்காக வைத்துத் தண்ணீர் குடித்தேன்.

மூன்றாம் நாள் மலை. ஆயிரத்து முந்நூறு மீட்டர்கூட இல்லாத மலை என்று படித்திருந்தேன். "எங்க ஊர் பஸ் ஸ்டாண்டே இதைவிட உயரம்க்கா" என்று அடிவாரத்தில் நின்று வாய் நீட்டினேன். லெட்சுமி அக்கா இடுப்பில் பாராங் என்கிற நீளக் கத்தியைச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தார். கோகிலா எனக்குப் பின்னால் வந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் பஸ்ஸில் போகிறவள் என்பது அரை மணியிலேயே ஞாபகம் வந்தது. இது கடல் மட்டத்துப் பக்கத்திலிருந்து நேரே எழும்புகிற மலை. வேரைப் பிடித்து ஏறு, கயிற்றைப் பிடித்து ஏறு, பாறையில் சாய்த்த ஏணியில் ஏறு. காற்றே ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டியது. அட்டைகள் எங்கள் ஊர் அட்டைகளுக்கு அண்ணன்கள். எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் லெட்சுமி அக்கா ஏதோ செடியைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார். என் மானத்தைக் காப்பாற்றத்தான் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

காட்டுக்குள் வெப்பமானி இருந்த இடம் குறையில்லை. வானமே தெரியாத இருட்டு, புல் முளைக்காத தரையில் சருகு. என் வெப்பமானியையும் பக்கத்தில் குத்திப் பார்த்தேன். இரண்டும் ஒரே எண். சார் சொன்னது சரிதான், இதுவரைக்கும் வந்திருக்கிறார்கள். இனிமேல்தான் விஷயம். இந்த அம்மா பொய் எழுதியிருக்கக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டே ஏறினேன்.

மரங்கள் குறைந்து வெளிச்சம் விழுந்தது. சரிவு முழுக்க இடுப்பு உயரத்துக்குப் பெரணி, கை நுழையாத அடர்த்தி. லெட்சுமி அக்கா அதற்குள் ஒற்றையடித் தடத்தில் விறுவிறுவென்று போய் நின்று, "இதுதான் தங்கச்சி" என்று காட்டினார்.

அப்படியே நின்றுவிட்டேன். பெரணிக் காட்டுக்கு நடுவில் ஒரு வட்டம். கயிறு கட்டி அளந்தாலும் அவ்வளவு வட்டமாக வராது. குறுக்கே இரண்டு ஆள் நீளம் இருக்கும். ஒரு புல் இல்லை, ஒரு சருகு இல்லை, வேர் வரை வழித்த செம்மண். நட்ட நடுவில் வெப்பமானி, தெருமுனைக் கொடிக்கம்பம் மாதிரி.

"யார்க்கா இதை வெட்டினது?"

"நான்தான்." அவர் குரலில் அத்தனை திருப்தி. "இத நட்டவங்க எறங்கினதுமே மொத வட்டம் போட்டுட்டேன். அதுலேர்ந்து வந்ததும் மொதல்ல எண்ணப் பார்த்து எழுதிடுவேன், அப்புறம் ஒரு மணி நேரம் வட்டம் வெட்டிட்டுத்தான் நகருவேன். எப்படி இருக்கு?"

செம்பனைத் தோட்டத்தில் ஒவ்வொரு மரத்தடியிலும் இப்படித்தான் வட்டம் வெட்டி வைப்பார்களாம். பழுத்துக் கொட்டுகிற பழம் புல்லில் மறையாமல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வட்டத்துக்குள் ஒரு புல் நின்றாலும், மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அன்றைக்குப் பேர் போடமாட்டார், கூலி போய்விடும். முப்பத்தைந்து வருடம் அதுதான் அவர் வேலை. நடுவில் ஒன்றை நட்டுக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னால், சுற்றி வட்டம் வெட்டாமல் விட அவர் கைக்குத் தெரியாது. வெட்டக் கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. அது எங்களுக்கு அத்தனை தெரிந்த விஷயம், சொல்ல வேண்டும் என்று சாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மண்டியிட்டு ஓரத்தைப் பார்த்தேன். வெட்டுப்பட்ட பெரணித் தண்டுகள். சிலது கறுத்துப் போனவை, சிலது காய்ந்து பழுப்பானவை, சிலது இரண்டு வாரத்துக்கு முந்திய பச்சை மாறாதவை. அடுக்கடுக்காக ஒரு வருடம் அங்கே கிடந்தது. வட்டத்துக்குள் இருபத்தெட்டு. மூன்றடி தள்ளிப் பெரணிக்கு அடியில் என் வெப்பமானியைக் குத்தினேன், இருபத்திரண்டு. நோட்டில் இருந்த எண்கள் எல்லாம் இந்த இருபத்தெட்டைச் சுற்றித்தான் இருந்தன. வெட்டிய மண்ணின் நிஜமான சூட்டை, ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறார்.

அங்கிருந்து உச்சிப் புதருக்கு முக்கால் மணி நேர ஏற்றம். அங்கேயும் ஒரு வட்டம், பாறை இடுக்கில், புதர் வேரை எல்லாம் தோண்டி எடுத்து. பொய் எழுதுகிறவள் இவ்வளவு தூரம் ஏறி வந்து களை வெட்டுவாளா? எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. உட்கார்ந்து இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

கோகிலா விடவில்லை. "இப்ப சொல்லுங்க ஆன்ட்டி. என்ன விஷயம்?"

சொன்னேன். வட்டம் எப்படி எண்ணைக் கெடுத்தது என்று முதலில் சொன்னேன். பிறகு, மேலே ஏறாமல் எழுதியிருப்பார்கள் என்று நினைத்ததையும், அதைப் பார்க்கத்தான் என்னை அனுப்பினார்கள் என்பதையும் சொன்னேன். கோகிலாவுக்கு முகம் சிவந்தது. "எங்கம்மாவையா?" என்றாள். லெட்சுமி அக்கா பாராங்கைத் துடைத்து உறையில் போட்டார். எனக்கு முன்னால் இறங்கத் தொடங்கினார். ஏணியில் என் கால் தடுமாறியபோது, கீழேயிருந்து என் பாதத்தைப் பிடித்துப் படியில் வைத்தார்.

நாலாம் நாள் எனக்கு ஓய்வு என்று ஏற்பாடு. மணியம் அண்ணனும் கோகிலாவும் செர்காமுக்குச் சுட்ட மீன் சாப்பிடக் கூட்டிப் போனார்கள். லெட்சுமி அக்கா வரவில்லை, தலைவலி என்று சொல்லியனுப்பினார். வாழை இலையில் சுற்றிச் சுட்ட திருக்கை, புளி ஊற்றிய மிளகாய்ச் சாறு. நான் தின்ற மீன்களிலேயே முதலிடம் அதற்குத்தான் கொடுப்பேன், ஆனால் அன்றைக்கு ருசித்துத் தின்ன முடியவில்லை. கோகிலா முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "அம்மா ராத்திரி சாப்பிடல. தப்பு பண்ணினதுக்கு இல்ல. ஏறலைன்னு நெனச்சிட்டாங்களேன்னுதான்" என்றாள்.

அங்கிருந்தே சாருக்குப் போன் போட்டேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு வருத்தப்பட்டார், நிஜமாகவே வருத்தப்பட்டார். "அந்த அம்மாவுக்குச் சங்கடம் வேண்டாம். மேலே ரெண்டு வெப்பமானியும் கோளாறுன்னு போட்டு ஒரு வருடத்தையும் எடுத்துடலாம். யார் மேலயும் பழி இல்லை." எனக்கும் அதுதான் நல்ல வழி என்று பட்டது. ஓடிப்போய் லெட்சுமி அக்காவிடம் சொல்லி, அவர் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும் என்று துடித்தேன்.

சாயங்கால மழை ஓய்ந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அக்கா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சார் சொன்னதைச் சொன்னேன். முகம் தெளியவில்லை.

"அது கோளாறு இல்லையே" என்றார். "நல்லாத்தான இருந்துச்சு. ஒரு நாள்கூட மக்கர் பண்ணல. அது மேல எதுக்குப் பழி?"

"உங்க பேர் கெடக் கூடாதுன்னுதான்க்கா."

"வெட்டினது நான். வெட்டினேன்னு எழுதுங்க. தப்பா வெட்டிட்டேன்னே எழுதுங்க, எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது." நாற்காலியில் நிமிர்ந்தார். "இருபத்து நாலு தடவை ஏறியிருக்கேன் தங்கச்சி. இடி இடிச்சப்ப ஏறியிருக்கேன், முட்டி வீங்கினப்ப ஏறியிருக்கேன். வெப்பமானி கெட்டுப்போச்சுன்னு எழுதி எல்லாத்தையும் தூக்கிப் போட்டா, நான் ஏறினதும் சேர்ந்துல்ல போகுது. தப்பு செஞ்சேன்னு எழுதுங்க. ஏறலைன்னு மட்டும் ஆக்கிடாதீங்க."

பதினெட்டு வருடத்தில் என் நோட்டில் நான் செய்த தப்புகளை நான் எப்படி மறைத்தேன் என்று எனக்குத் தெரியும். கை தவறி உடைத்த வெப்பமானியைக் காட்டெருமை மிதித்ததாக எழுதியவள் நான்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மேல் இரண்டு இடத்திலும் செடி மூடாக்கு அகற்றப்பட்டிருந்தது, அகற்றியவர் அளவீட்டாளரே, அகற்றக் கூடாது என்று நாங்கள் அவருக்குச் சொல்லவில்லை. அவர் இருபத்து நாலு தடவை உச்சி வரை ஏறி எடுத்த அளவுகள் வெட்டவெளி மண்ணின் அளவுகளாக முழுவதும் சரி. வட்டங்களை நான் நேரில் பார்த்தேன். வாசித்துக் காட்டினேன். அக்கா இரண்டாம் முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அனுப்பினேன்.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சார் கூப்பிட்டார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். மூடின மண்ணையும் வெட்டின மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த வருடம் எடுக்கலாம், வட்டங்கள் அப்படியே இருக்கட்டும், வெளியே பெரணிக்குள் புதிதாக ஒன்று நடலாம் என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "கட்டுரையில அளவெடுத்தவர் பேர் போடணும். அந்த அம்மாகிட்ட முழுப் பேரைக் கேளு சாந்தா" என்றார்.

லெட்சுமி அக்கா சோற்றுக் கையோடு எழுந்து நின்றுவிட்டார். போனைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால் சொல்கிற மாதிரி, உரக்கச் சொன்னார்.

"லெட்சுமி. அப்பா பேரு வீரய்யா. அதையும் சேர்த்துப் போடச் சொல்லுங்க. எனக்கு வட்டம் வெட்டச் சொல்லிக்குடுத்தது அவருதான்."